பழைய லொறிகள் போன பாதை

மேற்கு ஆபிரிக்காவின் துறைமுக நகரங்களான கொத்தொனு, லோமே, தேமா போன்ற இடங்களில் ஓடும் லொறிகளின் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு லொறியின் கதவில் ஒல்லாந்துப் பூக்கம்பனி ஒன்றின் பெயர் இருக்கும். இன்னொன்றின் தறப்பாளில் ஜேர்மன் தளபாடக் கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். அந்தக் கம்பனிக்கும் அந்த லொறிக்கும் இருந்த தொடர்பு முடிந்து பத்து வருசத்துக்கு மேல் ஆகியிருக்கலாம். வாங்கியவர் அந்த எழுத்தை அழிக்கவில்லை. அழிக்க என்ன அவசரம்? அது இருந்தால் "நேரா ஐரோப்பாவில இருந்து வந்த சாமான்" எண்டு அடுத்த ஆளுக்கு விக்கவும் வசதிதானே.

இந்தப் பெயர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த லொறி ஏன் தன் ஊரை விட்டுக் கிளம்பியது என்று கேட்டால் ஒரு நீண்ட வரலாறு வருகிறது. அதில் உலகப்போர் இருக்கிறது, பெர்லின் சுவர் இருக்கிறது, வீதிக் கட்டணம் இருக்கிறது, கந்தகம் கலந்த டீசல் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், ஐரோப்பா தன்னுடைய காற்றைச் சுத்தமாக்கிய கதையும், ஐரோப்பா தன்னுடைய பழைய லொறிகளை வெளியே அனுப்பிய கதையும் ஒரே கதைதான். முதலாவதைப் பாடப்புத்தகத்தில் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டாவதைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை.

ஒரு லொறியின் ஆயுள்

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

மேற்கு ஐரோப்பாவில் பெரிய போக்குவரத்துக் கம்பனி ஒன்று புது லொறியைப் பெரும்பாலும் லீசிங்கில்தான் எடுக்கும். தூரப் பயணம் போகிற லொறி வருசத்துக்கு ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடுவது சாதாரணம். நாலைந்து வருசத்தில் ஐந்து லட்சம் கிலோமீற்றர் தாண்டிவிடும். அந்தக் கட்டத்தில் கம்பனி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதை எடுக்கும். வண்டி கெட்டுப்போனதால் அப்படிச் செய்வதில்லை. லீசிங் காலம் முடிந்துவிடும், உத்தரவாதம் முடிந்துவிடும், திருத்தச் செலவு ஏறத் தொடங்கும், அவ்வளவுதான். உண்மையில் அந்த எஞ்சினுக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருச உயிர் இருக்கிறது.

அந்த மிச்ச உயிரை விற்பதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்தது. ஒல்லாந்து இதன் முக்கிய மையங்களில் ஒன்று. சின்ன நாடுதான், ஆனால் பெரிய போக்குவரத்துக் கம்பனிகளும் றொட்டர்டாம் துறைமுகமும் அங்கே இருக்கின்றன. பக்கத்திலேயே பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகம். ஃபூரன், ஃபெகல் போன்ற சின்ன ஊர்களில் நூற்றுக்கணக்கான லொறிகளும் ட்ரெய்லர்களும் வரிசையாக நிற்கும் விற்பனை முற்றங்கள் இருக்கின்றன. மூர்டைக் என்ற இடத்தில் பெரிய ஏலக்களமே இருக்கிறது.

ஒரே லொறி பல கைகள் மாறும். முதல் சொந்தக்காரர் ஜேர்மனியிலோ ஒல்லாந்திலோ இருப்பார். இரண்டாவது ஆள் போலந்திலோ ருமேனியாவிலோ இருப்பார். மூன்றாவது ஆள் உக்ரேன், ஜோர்ஜியா, லெபனான் என்று எங்கேயோ. நாலாவது ஆள் ஆபிரிக்காவில். ஒவ்வொரு கை மாறும்போதும் விலை இறங்கும், ஓடிய கிலோமீற்றர் ஏறும். மீற்றரைப் பின்னுக்குத் திருப்பி ஓட்டத்தைக் குறைத்துக் காட்டுகிற களவும் இந்த வியாபாரத்தோடு கூடவே வளர்ந்தது. எல்லை தாண்டி விற்கும்போது வண்டியின் பழைய பதிவுகள் கூடவே போகாது என்பதுதான் அதற்கு வசதி.

வரியும் இதற்குத் துணை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதியாகிற பொருளுக்கு வற் வரி கிடையாது. அதனால் வெளிநாட்டு வியாபாரி வாங்கும்போது வரிப்பணத்தை வைப்பாகக் கட்டிவிட்டு, வண்டி எல்லையைத் தாண்டியதற்கான சுங்கத் தாளைக் காட்டியதும் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

ட்ரெய்லரின் கதை இன்னும் சுவாரசியம். அதற்கு எஞ்சின் இல்லை, ஆகவே புகைச் சட்டமும் இல்லை. சட்டகமும் அச்சும் பிரேக்கும் நன்றாக இருந்தால் எத்தனையோ வருசம் ஓடும். ஐரோப்பாவின் வழமையான ட்ரெய்லர் 13.6 மீற்றர் நீளம், ஐரோப்பிய அளவுப் பலகைத் தட்டுகள் 33 அதில் வரிசையாக நிற்கும். பழையவற்றை ஏற்றுமதி செய்யும்போது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டி, ஒரே ட்ரெய்லரின் இடத்தில் இரண்டு மூன்றைக் கப்பலில் ஏற்றுவார்கள். கப்பல் கூலி மிச்சம்.

போர் விட்டுப்போன லொறிகள்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஐரோப்பாவின் ரயில் பாதைகள், பாலங்கள், லொறித் தொழிற்சாலைகள் எல்லாம் குண்டு விழுந்து கிடந்தன. ஆனால் கண்டம் முழுக்க இராணுவ லொறிகள் நிறைந்திருந்தன. அமெரிக்காவின் ஆறுசக்கர ஜீஎம்சி லொறி மட்டுமே 5 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. பிரித்தானியாவின் பெட்போர்ட் லொறிகள் வேறு. இவற்றை மறுபடி கப்பலேற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதைவிட அங்கேயே விற்பது இலாபம்.

போருக்குப் பிறகு எத்தனையோ பேர் இப்படி வாங்கிய இராணுவ லொறி ஒன்றோடுதான் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார்கள். பச்சை நிறத்துக்கு மேல் வேறு நிறம் பூசி, உருளைக்கிழங்கு, நிலக்கரி, செங்கல் ஏற்றினார்கள். மேற்கு ஐரோப்பாவை மறுபடி கட்டியெழுப்பியதில் பாவித்த லொறிகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இன்று பழைய லொறி என்றாலே ஏழை நாட்டுக்காரர் வாங்குவது என்று நினைக்கிறோம். ஒரு காலத்தில் ஐரோப்பாவே அந்த நிலையில்தான் இருந்தது.

பாலைவனத்தைக் கடந்தவர்கள்

1950களிலும் 60களிலும் மேற்கு ஐரோப்பா பணக்கார இடமானது. நெடுஞ்சாலைகள் வந்தன, புது லொறிகள் வந்தன, பழையவை மிஞ்சின. கிழக்கே விற்கலாம் என்றால் இரும்புத்திரை குறுக்கே நின்றது. சோசலிச நாடுகள் தங்களுக்கான லொறிகளைத் தாங்களே செய்தன: சோவியத் ஒன்றியத்தின் காமாஸ், மாஸ், செக்கோசிலவாக்கியாவின் தாட்றா, லியாஸ், கிழக்கு ஜேர்மனியின் ஈஃபா.

ஆகவே கண்கள் தெற்கே திரும்பின. 1970களிலும் 80களிலும் பழைய வாகனத்தை ஐரோப்பாவில் மலிவாக வாங்கி, மார்சேயில் கப்பலேறி அல்ஜீரியாவில் இறங்கி, சகாரா பாலைவனத்தைக் குறுக்கே ஓட்டிக் கடந்து, நைஜரிலோ தோகோவிலோ பெனினிலோ விற்றுவிட்டு விமானத்தில் வீடு திரும்புகிற ஒரு கூட்டம் உருவானது. பெரும்பாலானவர்கள் இளைஞர்கள், ஜேர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும். அதிகம் போனது பேஜோ 504 கார். அதோடு மெர்சிடிஸ் லொறிகளும் போயின. தமன்றாசெட் கடந்தால் பிறகு மணல்தான். எஞ்சின் நின்றால் உதவிக்கு ஆளில்லை. கொஞ்சம் சாகசம், கொஞ்சம் வியாபாரம்.

அந்தக் காலத்து மெர்சிடிஸ் மூக்கு லொறிகள் மேற்கு ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பல பத்தாண்டுகள் ஓடின. காரணம் எளிது. அவற்றில் கணினி இல்லை. ஊர்க் கராஜில் சாதாரண சாவிகளோடு ஒரு மெக்கானிக் அவற்றைக் கழற்றிப் பூட்டலாம். பாட்ஸ் இல்லாவிட்டால் பட்டறையில் கடைந்து செய்யலாம். இந்த விசயத்தை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

1990களின் தொடக்கத்தில் அல்ஜீரியாவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. நைஜரிலும் மாலியிலும் துவாரெக் மக்களின் கிளர்ச்சி நடந்தது. பாலைவனப் பாதை மூடியது. வியாபாரம் நிற்கவில்லை, கப்பலுக்கு மாறியது. வாகனங்கள் தாமே ஓடி ஏறி, தாமே ஓடி இறங்குகிற றோ-றோ கப்பல்கள் ஹம்பர்க், அன்ட்வேர்ப் போன்ற துறைமுகங்களிலிருந்து மேற்கு ஆபிரிக்காவுக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கின. பிரசல்ஸ் நகரின் ஹேவார்ட் வீதிப் பகுதியில், பழைய இறைச்சிச் சந்தைக்குப் பக்கத்தில், லெபனான் வியாபாரிகளும் ஆபிரிக்க வியாபாரிகளும் சேர்ந்து நடத்திய பழைய வாகனச் சந்தை உலகப்புகழ் பெற்றது. வண்டிக்குள் வெற்றிடம் விடுவார்களா? பழைய குளிர்சாதனப் பெட்டி, மெத்தை, ரயர் எல்லாம் உள்ளே அடைந்து போகும்.

இந்தக் கடல் பாதையும் ஆபத்தில்லாதது அல்ல. 2019 மார்ச்சில் ஹம்பர்க்கிலிருந்து கசாபிளாங்காவுக்குப் போன 'கிராண்டே அமெரிக்கா' என்ற கப்பல் பிஸ்கே விரிகுடாவில் தீப்பிடித்து, 2000க்கும் மேற்பட்ட வாகனங்களோடு மூழ்கியது. அதிலிருந்த 27 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். வாகனங்கள் இன்றும் சுமார் 4600 மீற்றர் ஆழத்தில் கிடக்கின்றன.

சுவர் விழுந்ததும்

1989இல் பெர்லின் சுவர் விழுந்தது. 1990 ஜூலை முதலாம் திகதி கிழக்கு ஜேர்மனிக்கும் மேற்கு ஜேர்மனியின் நாணயமே வந்தது. அதன் பிறகு என்ன நடந்தது என்பதை ஒரு லொறியின் கதையிலேயே சொல்லிவிடலாம்.

கிழக்கு ஜேர்மனியின் லூட்விக்ஸ்ஃபெல்டே ஊரில் ஈஃபா டபிள்யூ50 என்ற லொறி 1965 முதல் செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து, ஈராக்கிலிருந்து வியட்நாம் வரை ஏற்றுமதி செய்தார்கள். நாணயம் மாறிய அதே வருசம், 1990இல், அதன் உற்பத்தி நின்றது. மேற்கு ஜேர்மனியின் பாவித்த லொறி கையெட்டும் தூரத்தில் மலிவாகக் கிடைக்கும்போது புது ஈஃபாவை யார் வாங்குவது? கிழக்கே இருந்த பழைய வாடிக்கையாளர் நாடுகளிடமும் புது நாணயத்தில் காசு கட்ட வசதியில்லை.

போலந்து, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா, ரஷ்யா என்று எல்லா இடத்திலும் இதேபோலத்தான். அரச போக்குவரத்துக் கம்பனிகள் உடைந்தன. வேலை போன சாரதிகள் கடன்பட்டு ஒரு பழைய வொல்வோவோ டாஃபோ ஸ்கேனியாவோ வாங்கித் தாங்களே முதலாளியானார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் காலாவதியானது என்று ஒதுக்கிய லொறி, இந்தப் பக்கம் ஒரு குடும்பத்தின் முதல் சொத்தானது. இதை நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரே சொல்லில் சொல்ல முடியாது.

2004 மே முதலாம் திகதி போலந்து உட்படப் பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2007இல் ருமேனியாவும் பல்கேரியாவும். இப்போது பழைய லொறி கிழக்கே போனது, அதே லொறியை ஓட்டிக்கொண்டு குறைந்த சம்பளச் சாரதி மேற்கே வந்தார். மேற்கத்தியக் கம்பனிகளால் அந்தக் கூலிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இன்று ஒன்றியத்தின் வீதிச் சரக்குப் போக்குவரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போலந்து லொறிகளுடையது. முதலிடம் அவர்களுக்குத்தான்.

முதலிடத்துக்கு வந்ததும் போலந்துக் கம்பனிகளும் புது லொறியை லீசிங்கில் எடுக்கத் தொடங்கின, பழையதை இன்னும் கிழக்கே தள்ளத் தொடங்கின. சம்பளத்திலும் அதே ஆட்டம். 2023இல் ஜேர்மனியின் கிரேஃபன்ஹவுசன் நெடுஞ்சாலைத் தரிப்பிடத்தில், போலந்துக் கம்பனி லொறிகளை ஓட்டிய ஜோர்ஜிய, உஸ்பெக் சாரதிகள் சம்பளப் பாக்கி கேட்டுக் கிழமைக்கணக்கில் லொறிகளை நிறுத்திப் போராடினார்கள். வரிசையில் ஒரு ஆள் முன்னுக்குப் போனால், அவர் விட்ட இடத்தில் நிற்க இன்னொரு ஆள் வந்துவிடுகிறார்.

புகைச் சட்டம் என்ற தள்ளுகை

இதுவரை சொன்னது பணத்தின் கதை. இனிச் சட்டத்தின் கதை.

1992இல் ஐரோப்பா லொறிகளுக்கு யூரோ வரிசையின் முதலாவது புகைத் தரத்தைக் கொண்டுவந்தது. அதன் பெயர் யூரோ 1. பிறகு படிப்படியாக யூரோ 2, 3, 4, 5. கடைசியாக 2013இல் யூரோ 6 முழுமையாக நடைமுறைக்கு வந்தது. யூரோ 1 காலத்தில் ஒரு பெரிய லொறி எஞ்சின் ஒரு கிலோவாற் மணி வேலைக்கு 8 கிராம் நைதரசன் ஒட்சைட்டை விடலாம். யூரோ 6 காலத்தில் 0.4 கிராம்தான். புகைத்துகள் அளவு 0.36 கிராமிலிருந்து 0.01 கிராமுக்கு இறங்கியது. இது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. எத்தனையோ பிள்ளைகளின் நுரையீரல் இதனால் தப்பியிருக்கும்.

ஆனால் இந்தச் சட்டங்கள் புது வண்டிகளுக்கு மட்டும்தான். ஏற்கனவே றோட்டில் ஓடுகிற பழைய வண்டியை என்ன செய்வது? அதை நசுக்கி இரும்பாக்கச் சொல்லி ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. வேறு வழியொன்றைக் கண்டுபிடித்தார்கள்: பழைய வண்டியை ஓட்டுவதைச் செலவான காரியமாக்குவது.

1996இல் ஸ்டொக்ஹோம் உள்ளிட்ட சுவீடன் நகரங்கள் பழைய கனரக டீசல் வாகனங்களுக்கு நகர மையத்தை மூடின. 2001இல் சுவிற்சர்லாந்து எடை, தூரம், புகை மூன்றையும் கணக்கிட்டு லொறிக்கு வரி போட்டது. 2005 ஜனவரி முதலாம் திகதி ஜேர்மனி தன் நெடுஞ்சாலைகளில் 12 தொன்னும் அதற்கு மேலும் எடையுள்ள லொறிகளுக்குக் கிலோமீற்றர் கணக்கில் கட்டணம் வாங்கத் தொடங்கியது. புகை கூடிய வண்டிக்குக் கூடிய கட்டணம், சுத்தமான வண்டிக்குக் குறைந்த கட்டணம். 2008 பெப்ரவரியில் லண்டன் பழைய லொறிகளுக்கு நகரத்துக்குள் நாட்கட்டணம் விதித்தது.

ஐரோப்பாவின் நடுவில் இருக்கிற ஜேர்மனியைத் தொடாமல் தூரப் பயணம் போவது கடினம். ஆக, அங்கே கட்டணம் மாறிய நாளிலேயே கண்டம் முழுக்கப் பழைய லொறியின் பெறுமதி மாறியது. ஜேர்மனியில் ஓட்டினால் நட்டம், எல்லைக்கு வெளியே விற்றால் இலாபம். இப்படி ஒவ்வொரு புதுத் தரமும் முந்தைய தரத்து வண்டிகளை ஒரு படி வெளியே தள்ளியது.

சட்டம் வந்தபோது தயாரிப்பாளர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஐரோப்பாவின் பெரிய லொறித் தயாரிப்பாளர்கள் 1997 முதல் 2011 வரை 14 வருசம் இரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து விலை பேசியதை ஐரோப்பிய ஆணைக்குழு கண்டுபிடித்தது. அவர்கள் கூடிப் பேசிய விசயங்களில் ஒன்று, புது புகைத் தரத்துக்கான தொழில்நுட்பத்தை எப்போது அறிமுகப்படுத்துவது, அதன் செலவை வாங்குகிறவர் தலையில் எப்படிக் கட்டுவது என்பது. 2016 ஜூலையில் டாஃப், டைம்லர், இவெக்கோ, வொல்வோ-ரெனோல்ட் ஆகியவற்றுக்கு மொத்தம் 293 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். தகவல் கொடுத்த மான் தப்பியது. 2017இல் ஸ்கேனியாவுக்கு 88 கோடி யூரோ. காற்றைக் காப்பாற்றும் சட்டத்தையே வியாபாரப் பேரமாக மாற்றியிருந்தார்கள்.

ஒரே துறைமுகம், இரண்டு டீசல்

இனி முன்னே சொன்ன கணினி இல்லாத லொறிக்கு வருவோம்.

யூரோ 5, யூரோ 6 லொறிகளில் புகையைச் சுத்தமாக்குகிற வடிகட்டிகளும், யூரியாக் கரைசல் ஊற்றுகிற தனித் தாங்கியும், இவை எல்லாவற்றையும் கவனிக்கிற கணினியும் இருக்கின்றன. இவை ஒழுங்காக வேலை செய்யக் கந்தகம் குறைந்த டீசல் வேண்டும். ஐரோப்பாவில் 2009 முதல் டீசலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. அதே காலத்தில் கானாவில் சட்டப்படியே 3000 பங்குவரை இருக்கலாம். அந்த டீசலை ஊற்றினால் வடிகட்டி அடைபடும், லொறி நின்றுவிடும்.

பிறகு என்ன செய்வார்கள்? வடிகட்டியைக் கழற்றி எறிவார்கள், கணினியை ஏமாற்றுவார்கள். யூரோ 6 லொறியை யூரோ 3 நிலைக்குக் 'கீழிறக்கி' ஏற்றுமதி செய்வது இப்போது வெளிப்படையாக விளம்பரம் செய்கிற சேவை. இருபது வருச ஆராய்ச்சியில் சேர்த்த சுத்தத்தை ஏற்றுமதிக்கு முன்னர் சில நாளில் கழற்றிவிடுகிறார்கள்.

அந்த அழுக்கு டீசல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2016இல் சுவிற்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற அமைப்பு மேற்கு ஆபிரிக்க நாடுகளில் எரிபொருள் மாதிரிகளைச் சோதித்தது. சிலவற்றில் ஐரோப்பிய வரம்பைவிட 300 மடங்குக்கும் அதிகமான கந்தகம். அந்த எரிபொருளில் பெரும் பங்கு அம்ஸ்டர்டாம், றொட்டர்டாம், அன்ட்வேர்ப் துறைமுகப் பகுதிகளில், ஆபிரிக்கச் சட்டம் அனுமதிக்கிற எல்லைக்கு ஏற்றபடி வேண்டுமென்றே கலக்கப்பட்டது என்று அந்த அறிக்கை காட்டியது. பழைய லொறி கப்பலேறுகிற அதே துறைமுகப் பகுதியிலிருந்துதான் அந்த லொறிக்கு ஊற்றுகிற அழுக்கு டீசலும் கப்பலேறியது.

"அந்த நாட்டுக்காரர் லொறியைச் சரியாகப் பராமரிப்பதில்லை" என்று ஐரோப்பாவில் சொல்கிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

வாங்குகிறவர்கள் பேசத் தொடங்கியபோது

ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015 முதல் 2018 வரை உலகில் 1 கோடி 40 லட்சம் பாவித்த சிறுவாகனங்கள் ஏற்றுமதியாயின. பாதிக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து. போனவற்றில் 40 வீதம் ஆபிரிக்காவுக்கு. அதே வருசம் ஒல்லாந்தின் போக்குவரத்துக் கண்காணிப்புத் திணைக்களம் தன் துறைமுகங்களில் ஆபிரிக்காவுக்குப் போகக் காத்திருந்த வாகனங்களைச் சோதித்தது. பெரும்பாலானவை யூரோ 4க்குக் கீழே. பலவற்றுக்குச் செல்லுபடியாகும் பாதுகாப்புச் சான்றிதழே இல்லை. இவை சின்ன வாகனங்களின் கணக்கு. லொறிகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒரு லொறி விடுகிற புகை ஒரு காரின் புகை அல்லவே.

வாங்குகிற நாடுகள் சும்மா இருக்கவில்லை. தென்னாபிரிக்கா உள்ளூர்த் தொழிற்சாலைகளைக் காப்பாற்றப் பாவித்த வாகன இறக்குமதியைப் பொதுவாகத் தடுத்திருக்கிறது. கென்யா எட்டு வருசத்துக்கு மேற்பட்டதை விடுவதில்லை. ரஷ்யா 2012 செப்டெம்பரில் கழிவகற்றல் கட்டணம் என்று ஒன்றைப் போட்டுப் பழைய லொறிகளுக்குக் கதவைக் கிட்டத்தட்ட அடைத்தது. பப்ளிக் ஐயின் அறிக்கைக்குப் பிறகு கானாவும் நைஜீரியாவும் இன்னும் சில அயல்நாடுகளும் கந்தகத்தை 50 பங்குக்குக் குறைப்பதாக அறிவித்தன. மேற்கு ஆபிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எகோவாஸ் 2021 ஜனவரியிலிருந்து யூரோ 4ஐக் குறைந்தபட்சத் தரமாக அறிவித்தது.

ஐரோப்பாவும் கொஞ்சம் அசைந்தது. ஓடத் தகுதியான வாகனத்தை மட்டுமே ஏற்றுமதி செய்யலாம் என்ற விதியை 2023 ஜூலையில் ஐரோப்பிய ஆணைக்குழு முன்மொழிந்தது. யூரோ 1 தரம் வந்து 31 வருசத்துக்குப் பிறகு.

அப்ப எல்லாப் பழைய லொறியையும் தடை செய்தால் சரிதானே எண்டு கேட்கலாம். அவ்வளவு லேசு இல்லை. புது லொறி ஒன்றின் விலையை கொத்தொனுவிலுள்ள ஒரு சிறு முதலாளியால் நினைத்தும் பார்க்க முடியாது. பழைய லொறி இல்லாவிட்டால் தக்காளி சந்தைக்கு வராது, சீமெந்து ஊருக்குப் போகாது. கராஜ், ரயர்க்கடை, பாட்ஸ் கடை, துறைமுகக் கூலி என்று எத்தனையோ பேரின் சாப்பாடு இதில் இருக்கிறது. பாவிக்கக்கூடிய ஒன்றை நசுக்கிவிட்டுப் புதிதைச் செய்வதும் பூமிக்குச் செலவுதான். ஆகவே விற்பதைக் குற்றம் சொல்வது சரியாகாது. வடிகட்டியோடும், பிரேக் சோதனையோடும், உண்மையான கிலோமீற்றரோடும், அந்த எஞ்சின் கேட்கிற டீசலோடும் விற்கலாமே. அப்படி விற்றால் விலை கூடும். அந்தக் கூடுதல் விலையை யார் கட்டுவது என்பதுதான் 30 வருசமாக ஐரோப்பா பேசாமல் விட்ட கேள்வி. பேசாமல் விட்டபோது, வாங்கியவரின் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் நுரையீரலால் கட்டினார்கள்.

எங்களுக்கும் இதற்கும்

இலங்கையில் வாகனம் றோட்டின் இடப்பக்கம் ஓடுகிறது, ஸ்டியரிங் வலப்பக்கம். பெரும்பாலான ஐரோப்பாவில் இது மறுவளம். அதனால் ஐரோப்பியப் பழைய லொறிகள் எங்களிடம் வெள்ளமாக வரவில்லை. ஆபிரிக்காவுக்கு ஐரோப்பா எப்படியோ, எங்களுக்கு ஜப்பான் அப்படி. 'ரீகண்டிஷன்' என்ற சொல்லைத் தெரியாத இலங்கையர் இருக்கிறாரா?

ஆனால் வலப்பக்க ஸ்டியரிங் உள்ள பிரித்தானியாவிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வந்தது. 1958 ஜனவரி முதலாம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. தனியார் கம்பனிகளிடமிருந்து எடுத்த பஸ்கள் போதவில்லை. அதே காலத்தில் லண்டனில் பயணிகள் குறைந்து, ஆர்ரி வகை இரட்டைத்தட்டுப் பஸ்கள் மிஞ்சின. நூற்றுக்கணக்கில் அவை கப்பலேறி இங்கே வந்து பல வருசம் ஓடின. வயது போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மேல்தட்டில் முன் சீற்றுக்கு அடிபட்ட கதை யாராவது சொல்லுவார்கள். லண்டன் கழித்துவிட்ட பஸ், இங்கே புதிதாக அரசுடைமையான போக்குவரத்துக்குக் கைகொடுத்தது. எங்கள் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் பழைய வாகனம் என்பது பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற வழியாகவும் இருந்திருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பாவித்த வண்டியின் விலை எங்கே போனது என்பதையும் நாங்களே பார்த்தோம்.

எனவே கொத்தொனுவின் றோட்டில் ஒல்லாந்துப் பெயரோடு ஓடுகிற லொறியை நாங்கள் வெளியாளாக நின்று பார்க்கத் தேவையில்லை. ஐரோப்பா இப்போது மின்சார லொறிக்கு மாறத் தொடங்கியிருக்கிறது. ஜப்பானும் ஒருநாள் மாறும். அன்றைக்குக் கோடிக்கணக்கான டீசல் எஞ்சின்கள் மறுபடி கப்பலேறக் காத்திருக்கும். அவை வரும்போது எதைக் கழற்றிவிட்டு வருகின்றன, எந்தச் சான்றிதழோடு வருகின்றன, மிச்சச் செலவை யார் கட்டுவது என்று துறைமுகத்தில் நின்று கேட்கிற சட்டம் எங்களிடம் அப்போது இருக்குமா?